சிவப்பு நூல், வெள்ளை நூல்

சாம்பிராணித் திராட்சையைக் கொன்றவன் நான்தான். என் தங்கையின் கணவன் சவரி அல்ல.

எங்கள் வீட்டில் இது யாருக்கும் தெரியாது. சவரிக்கும் தெரியாது. தன் கைப்பிழையால்தான் அந்த ரகம் அழிந்தது என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான்... நான் அவனை நம்பவிட்டிருக்கிறேன்!

ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நீங்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் தோளில் கை போட்டு, "காபி சாப்ட்டு போலாம் மச்சான்" என்று நீங்கள் அழைக்கப்போவதில்லை. அதனால் உங்களிடம் சொல்வது எளிது. கோழைத்தனம்தான். அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் குடும்பத்துக்குத் தொட்டபள்ளாபுரம் தாண்டிக் கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் ஒரு சின்ன ஒயின் ஆலையும் உண்டு. பெரிய ஆலை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு கொட்டகை, சில எஃகுத் தொட்டிகள், அப்பா பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு பிழிபொறி. அவ்வளவுதான். அப்பா எங்கள் பெங்களூர் பிரேசர் டவுன் வீட்டில் கிறிஸ்துமஸுக்காக ஜாடியில் போட்ட ஒயின், எங்கள் காலத்தில் உரிமமும் சீட்டும் ஒட்டிய புட்டிக்கு வந்து சேர்ந்தது. நான் பத்தாவதைத் தாண்டாதவன். ஒயின் செய்யக் கற்றது ஆட்களிடம் வாயைக் கொடுத்துத்தான். ஒருவர் பேசினால் அந்தப் பேச்சு அப்படியே என் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் முதல் புட்டியை ருசித்த மீன்கடைக்காரர், "குடிச்சா நல்லாக்குது, ஆனா கோயில்ல நிக்கற மாதிரி ஒரு பயமாக்குது" என்றார். இன்றுவரை அதைவிட நல்ல விமரிசனம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பேச்சை அவ்வளவு நேசித்தவன் நான்... அந்தப் பேச்சையே எடுத்து ஒரு மனிதனுக்கு எதிராகச் சாட்சி ஆக்கினேன்!

மீன்கடைக்காரர் சொன்ன பயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரேசர் டவுன் வீட்டின் பின்புறம் ஒரு பழைய கொடி இருந்தது. சின்னக் கறுப்புப் பழம். வாயில் போட்டால் இனிப்பு முதலில் வராது. புகை போல ஒரு மணம் வரும். அப்பா அதைச் சாம்பிராணித் திராட்சை என்றார். வேறு பெயர் அதற்கு இருந்ததா, யார் நட்டது, எவருக்கும் தெரியாது. ஊரெல்லாம் விளைகிற, எங்கள் தோட்டத்திலும் இருக்கிற பெங்களூர் நீலம் என்ற ரகத்துக்கும் அதற்கும் உறவில்லை; இதன் பழத்தை நீலத்தோடு கலந்துதான் ஒயின் செய்தோம். விசாரித்த இடமெல்லாம், "இப்படி ஒண்ணு நாங்க பார்த்ததில்லியே" என்றே பதில் வந்தது.

அந்த ஒற்றைக் கொடியிலிருந்து ஒரு தோட்டமே எழுப்பிவிட வேண்டும்; இந்த மண்ணின் பழைய ரகத்தை மறுபடி நிமிர்த்த வேண்டும். எங்கள் ஆசை அது. உண்மையைச் சொன்னால் முதலில் அது சவரியின் ஆசை. ஒருமுறை குச்சிகள் நட்டோம், கறையான் தின்றுவிட்டது. இரண்டாம் முறைக்கு ஆயத்தமானபோதுதான் நான் சொல்லப்போகும் காரியம் நடந்தது.

கொடியைக் கழித்துவிடும் கவாத்தில் வெட்டிய குச்சிகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. இலையில்லாத திராட்சைக் குச்சிகள், ஒரே கனத்தில் நறுக்கி வைத்துவிட்டால், அண்ணன் தம்பி போல இருக்கும். எது எந்த ரகம் என்று தளிர் வந்து இலை விரியும்வரை எங்களால் அடையாளம் சொல்ல முடியாது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். சாம்பிராணிக்குச் சிவப்பு நூல், நீலத்துக்கு வெள்ளை நூல். வெட்டிய கைதான் நூலைக் கட்ட வேண்டும். வெட்டியவன் ஒருவன், கட்டுகிறவன் ஒருவன் என்று இருக்கவே கூடாது. அப்பா அதில் கறாராக இருந்தார். கட்டுகளைக் கொட்டகை மூலையில் ஈர மணலில் புதைத்து வைத்து, பிறகு எடுத்து நடுவோம்.

எங்களிடம் வெட்டுகிற கை சவரியின் கை. தோட்டம் முழுக்க அவன் பொறுப்பு. என் தங்கை ரீட்டாவும் அவனும் அங்கேயே ஒரு சிறு வீட்டில் இருந்தார்கள். நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு நான் பிரேசர் டவுன் வீட்டிலிருந்து போய் வருவதோடு சரி.

அந்த வருடம் மழை விட்டதும் ஒரு பெரிய ஒயின் கம்பெனியின் ஆள் ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். திராட்சை விவரம் தெரிந்தவர். எங்கள் ஒயினை மோந்தார், குடித்தார். பிறகு, "ரெண்டே ரெண்டு குச்சி கிடைக்குமா சார்?" என்று கேட்டார்.

"கிடைக்காது" என்றேன். அவர் போனபின் சவரியையும் ரீட்டாவையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன்: "ஒரு குச்சி வெளிய போகக் கூடாது. போச்சுன்னா சொந்தம் பார்க்க மாட்டேன்."

சவரி சிரித்தான். "இன்னா மச்சான், தங்கம் கடத்தற மாதிரி சொல்றீங்க."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள் தோட்டத்துக் கேட்டருகே அவன் அலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். கன்னடத்தில். நான் வருவதை அவன் பார்க்கவில்லை. "யாருக்கும் தெரியக் கூடாது சார்... எங்க மச்சானுக்கு மட்டும் தெரியவே வேண்டாம்" என்று அவன் சொல்வது என் காதில் விழுந்தது. மறுமுனையில் யார் என்பதும் விளங்கிவிட்டது. அந்தக் கம்பெனிக்காரரின் பெயரைச் சொல்லித்தான் அவன் பேச்சை முடித்தான்.

"யாரு மாப்பிள்ளை?" என்றேன்.

"சும்னே மச்சான், மருந்து கடைக்காரரு."

பொய்! என் காது கேட்க ஒரு பொய்! நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நேரே கேட்டிருப்பீர்கள் அல்லவா? "ஏன்டா பொய் சொல்ற?" என்று ஒரு வார்த்தை... அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. சந்தேகம் வந்தவனுக்குக் கேள்வி பிடிக்காது. பதில் வந்துவிட்டால் சந்தேகம் போய்விடுமே!

அன்றிலிருந்து அவன் செய்ததெல்லாம் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரேசர் டவுன் வீட்டுக்கு வருவான். நேரே பின்புறம் போவான். கொடியின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பான். திருடப்போகிறவன் சரக்கின் தரம் பார்க்கிறான் என்று நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று எண்ணினேன். பக்கத்து மனையில் அடித்தளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவன் மதிலுக்கு மேலே எட்டி எட்டி அந்தப் பள்ளத்தைப் பார்ப்பான். குச்சியைக் கைமாற்ற இடம் பார்க்கிறானோ? என் புத்தி அப்படியும் போயிற்று... சிரிக்காதீர்கள். அல்லது சிரியுங்கள்.

கவாத்து நாள் வந்தது. பிரேசர் டவுன் கொடியில் சவரி வெட்டினான், சிவப்பு நூல் கட்டினான். வழக்கத்தைவிட நிறைய வெட்டினான். "ஏன் இவ்ளோ?" என்றேன். "இருக்கட்டும் மச்சான்" என்றான். தோட்டத்தில் நீலத்தை வெட்டினான், வெள்ளை நூல் கட்டினான். இரண்டு கட்டும் மணலுக்குள் போயின.

மறுநாள் அவனும் ரீட்டாவும் சந்தைக்குப் போன பகல் வேளையில் நான் கொட்டகைக்குள் நுழைந்தேன். மணலைக் கிளறினேன். சிவப்பு நூலை அவிழ்த்தேன். வெள்ளை நூலை அவிழ்த்தேன்.

மாற்றிக் கட்டினேன்.

வெட்டாத கை கட்டியது. எங்கள் வீட்டில் அதற்கு முன் நடக்காத காரியம்!

என் கணக்கு இதுதான்: அவன் திருடிக்கொண்டுபோய்க் கொடுப்பது ஊரெல்லாம் கிடைக்கிற நீலமாக இருக்கும். கம்பெனிக்காரன் இலையைப் பார்த்து இவன் முகத்தில் காறித் துப்புவான். அசல் சாம்பிராணியோ வெள்ளை நூலுக்குள், யாருக்கும் வேண்டாத பொருள் போல, மணலில் பத்திரமாக இருக்கும். எவ்வளவு சாமர்த்தியம்! அந்த இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இன்று எனக்கு வெட்கம் தாங்கவில்லை.

சில வாரம் கழித்து மணலைத் தொட்டுப் பார்த்தேன். சிவப்பு நூல் கட்டு பாதியாக இளைத்திருந்தது.

மாட்டினான்!

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மகிழ்ச்சி வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை... தங்கையின் கணவன் திருடன் என்று தெரிந்தபோது என் நெஞ்சு குளிர்ந்தது. நான் நினைத்தது சரி, நான் ஏமாளி இல்லை. அந்த ருசி எந்த ஒயினிலும் இல்லை.

கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் எல்லோர் முன்னிலையிலும் போட்டு உடைப்பது என்று முடிவு செய்தேன். என்ன பேசுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்றுகூட மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். இந்த மும்முரத்தில் மணல் மூலையை மறந்தேன். என் வீட்டுப் பின்புறத்தையும் மறந்தேன். கவாத்து முடிந்து தளிர்க்க வேண்டிய கொடி, தளிர்க்காமலே நின்றதை நான் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியே நான் பார்த்ததெல்லாம் சவரியை, கொடியை அல்ல.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு தோட்டத்தில் கல்கல் பலகாரம் சுட்டார்கள். ரீட்டா முற்றத்தில் கல்லடுக்கி விறகடுப்பு மூட்டியிருந்தாள். என் மனைவி சீப்பின் முதுகில் மாவை உருட்டி உருட்டிப் போட்டாள். சவரி எண்ணெய்ச் சட்டியருகே ஜல்லிக் கரண்டியோடு நின்றான்.

"அண்ணா, மூஞ்சியை ஏன் இப்படி வெச்சிக்கினு இருக்கே? கல்கல் தின்னு, கடன்காரன் மாதிரி பார்க்காதே" என்று ரீட்டா சூடாக ஒரு கைப்பிடியை என் உள்ளங்கையில் கொட்டினாள்.

நான் ஒன்றை வாயில் போட்டேன்.

"எப்படி?" என்றாள்.

"நல்லாக்குது."

"நம்ம திராட்சைக் குச்சியில வெந்தது, நல்லா இல்லாம எப்படி? வருஷா வருஷம் மீந்த நீலக் குச்சியிலதானே சுடறோம். இந்த வருஷம் போர்வெல்ல தண்ணி இல்ல, செத்த கொடிங்க எடத்துல புதுசா நடல. மொத்தக் கட்டும் மீந்துடுச்சு. போன வாரமே வெயில்ல போட்டுட்டேன். ஜோரா எரியுது பாரு."

அடுப்பருகே தரையில் கிடந்தது வெள்ளை நூல். அதில் என் முடிச்சு.

அந்த வழக்கம் எனக்குத் தெரியாததா? வருடாவருடம் நான் தின்ற கல்கல் அல்லவா அது! தெரிந்தேதான் இருந்தது... ஆனால் அந்த வருடம் என் கண் முழுக்க ஒரு திருடன் இருந்தான். அடுப்புக்கு அதில் இடமில்லை.

அடுப்பைப் பார்த்தேன். கடைசிக் குச்சிகள் சிவந்து, நடுவில் ஒடிந்து விழுந்தன. புகையில் சாம்பிராணி மணம் இல்லை. அந்த மணம் பழத்துக்கு மட்டும் உரியது. குச்சி வெறும் குச்சியாகத்தான் எரிந்தது.

போகட்டும், தாய்க்கொடி இருக்கிறதே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த கவாத்தில் வெட்டிக்கொள்ளலாம். வாயிலிருந்ததை விழுங்கினேன்.

அப்போது சவரி கரண்டியை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ரீட்டாவைப் பார்த்தான். அவள், "சொல்லிடு, இன்னும் எத்தனை நாள் மூடி வெப்பே" என்றாள்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆனதுல இருந்து அதிர்ச்சியா எதுவும் சொல்லக் கூடாதுன்னு இவ சொல்லிட்டா. வீட்டுப் பின்னாடி கொடி... அது இனிமே தளிர்க்காது. பக்கத்து மனையில தோண்டினப்போ வேரை மொத்தமா அறுத்துட்டாங்க. பட்டையைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்துக்கினே இருந்தேன். பச்சை குறைஞ்சுகினே வந்துது. அந்தக் கம்பெனி சாரைக் கூப்பிட்டு, நீங்க இல்லாதப்போ காட்டினேன். பாவம், நல்ல மனுஷன். நானே குடுத்தும் ஒரு குச்சி வாங்கல. 'இது சாகப் போற கொடி, உடனே நிறைய வெட்டி ரெண்டு எடத்துல நடுங்க'ன்னாரு."

நான் அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தொடர்ந்தான்.

"நம்ம தோட்டத்துல கறையான் பயம் இருக்குது. அதனால சிவப்பு நூலுல பாதியை எடுத்து ஹொஸ்கோட்டை பக்கம் கன்னியர் மடத்துத் தோட்டத்துல வெச்சிருக்கேன். ஒரு குச்சி வெளிய போகக் கூடாதுன்னீங்க... போச்சு மச்சான். அடிக்கறதுன்னா அடிங்க. ஆனா கொடி செத்தாலும் சாம்பிராணி சாகாது. அதுக்கு நான் கேரண்டி."

அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். ஏதோ பிள்ளையைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவன் போல!

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அடுப்பில் கை விட்டுத் தேடியிருக்க வேண்டும். ஒரு குச்சியாவது எரியாமல் கிடந்திருக்குமா என்று சாம்பலைக் கிளறியிருக்க வேண்டும். செய்தேனா? வெள்ளை நூலைக் காலால் அடுப்புக்குள் தள்ளினேன். அதுதான் நான் செய்தது.

"நல்ல வேலை செஞ்சே மாப்பிள்ளை" என்றேன்.

கிறிஸ்துமஸ் வந்தது, போயிற்று. புது வருடம் பிறந்த கொஞ்ச நாளில் மடத்துக் குச்சிகள் இலை விட்டன. நீலத்தின் இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு போல ஒரு பூச்சு உண்டு, சாம்பிராணிக்குக் கிடையாது. சவரி அலைபேசியில் அழைத்தான்.

"மச்சான்... இலைக்கு அடியில பஞ்சு இருக்குது மச்சான்."

நான் பின்புற ஜன்னலருகே போனேன்.

"நான்தான் நூலை மாத்திக் கட்டிட்டேன் போல. எப்படின்னே தெரியல. என் கையாலதானே வெட்டினேன், என் கையாலதானே கட்டினேன்... அப்போ அந்த அடுப்புல..."

முடிக்காமல் அழுதான். நான் அலைபேசியைக் காதில் வைத்தபடி என் வீட்டுப் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த கொடி. மதிலுக்கு அப்பால் கான்கிரீட் தூண்கள் எழும்பியிருந்தன.

"விடு மாப்பிள்ளை. மனுஷன் கை, தப்பு நடக்கும்" என்றேன்.

கேட்டீர்களா? அவனை மன்னித்தேன்! நான்! அவனை!

குடும்பம் அவனை அவ்வளவு எளிதில் விடவில்லை. "கலர் தெரியாத ஆளை நம்பித் தோட்டத்தை விட்டோம்" என்று ரீட்டாவே ஒருநாள் எல்லோர் எதிரிலும் சொன்னாள். அடுப்பு மூட்டியது அவள். அந்த வேதனையை அவள் எங்கே போய் இறக்குவாள்? கட்டியவன் தலையில் இறக்கினாள். அவன் கவாத்துக் கத்தரியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, என் கையில் கொடுத்தான். "இனி நான் வெட்டல மச்சான்" என்றான். இப்போது ஒக்கலிபுரத்தில் ஒரு பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிறான். குடியிருப்பது ஸ்ரீராம்புரத்து வாடகை வீட்டில். தோட்டத்தில் எங்கும் நீலம்தான். ஒயின் விற்கிறது. அதைக் குடித்து யாரும் பயந்ததாகச் சொல்லவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேன். "ஒருத்தரைச் சந்தேகப்பட்டேன் சாமி" என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன். சாமியார் செபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். பாதிப் பாவத்தைச் சொல்லி முழு மன்னிப்பு வாங்கப் பார்த்தவன் நான். அது எப்படிச் செல்லும்?

சவரி ஒன்றை மட்டும் விடவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் என்னையும் அழைத்துக்கொண்டு பழைய பங்களாக்களின் கேட்டைத் தட்டுவான். அலைபேசியில் சாம்பிராணி இலையின் படம் வைத்திருக்கிறான். "இந்த மாதிரி ஒரு பழைய கொடி உங்க காம்பவுண்டுல இருக்குதாங்க?" எத்தனை பேர், எத்தனை பேச்சு! ஒரு காவலாளி, "மரம் இருந்த எடத்துல கார் நிக்குது, கொடிக்கு எங்க போறது" என்றார். ஒரு அம்மாள், "எங்க மாமியாரைத் தவிர இங்க பழசு எதுவும் இல்ல" என்று கதவைச் சாத்தினார். முன்பானால் அந்த வாசகத்தை வாரம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பேன். இப்போது யார் பேசினாலும் என் காதில் விழுவது ஒன்றுதான்: இவருக்குத் தெரிந்திருக்குமோ?

சவரிக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்துகொண்டேதான் என்னை ஒவ்வொரு கேட்டாக இழுத்துக்கொண்டு திரிகிறானோ? என்றைக்காவது நானே வாய்திறப்பேன் என்று காத்திருக்கிறானோ? பாருங்கள்... இன்னும் அவனைத்தான் சந்தேகப்படுகிறேன்! இந்த நோய் தீரவே இல்லை.

போன வாரம் குக் டவுனில் ஒரு பாழடைந்த வீட்டுக் காம்பவுண்டில் ஒரு கொடியைப் பார்த்தோம். இலையெல்லாம் பூச்சி அரித்து, உதிர்ந்து கிடந்தது. அதுவா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரர், "வேணும்னா நாலு குச்சி வெட்டிக்கோங்க, அடுத்த மாசம் எல்லாத்தையும் இடிக்கப் போறோம்" என்றார்.

கத்தரி என் பையில் இருந்தது. சவரி அதைக் கேட்டு வாங்கினான். கத்தரியைக் கொடுத்துவிட்டுப் போன நாளுக்குப் பிறகு அவன் வெட்டியது அன்றுதான். முன்பு போலவே சாய்த்து, சுத்தமாக, கணுவுக்குக் கீழே. வெட்டி முடித்துச் சட்டைப் பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்தான். இத்தனை காலமும் அதைச் சுமந்துகொண்டே திரிந்திருக்கிறான்!

குச்சிகளையும் நூலையும் என் பக்கம் நீட்டினான்.

"வெட்டின கைதானே கட்டணும் மாப்பிள்ளை" என்றேன்.

"வேணாம் மச்சான். நீங்க கட்டுங்க. எனக்கு என் கை மேலயே சந்தேகம்."

இப்போதாவது சொல், இப்போதாவது சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் கட்டினேன்.